சுலுவை மாற்றியவர் யார்?

சென்ற வாரம் எங்கள் ஆய்வு மாணவர் விடுதியின் பொது அறையில் ஏழெட்டுப் பேர் கூடி ‘ஸ்டார் ட்ரெக் பியாண்ட்’ படத்தை மீண்டும் பார்த்தோம். 2016 ஜூலையில் வெளிவந்த படம். எண்டர்பிரைஸ் விண்கலம் யார்க்டவுன் என்னும் மாபெரும் விண்தளத்தை வந்தடைகிறது. குழுவினர் இறங்குகிறார்கள். கலத்தின் சுக்கானியான ஹிகாரு சுலுவை எதிர்பார்த்து ஓர் ஆண் ஒரு சிறுமியுடன் நிற்கிறார். சுலு சிறுமியை வாரி எடுத்துக்கொள்கிறார். பிறகு மூவரும் அணைத்தபடி நடந்து போகிறார்கள். சில நொடிகள்தாம். அவர்கள் பேசும் ஒரு சொல்லும் நம் காதில் விழுவதில்லை. படம் அடுத்த காட்சிக்குச் சென்றுவிடுகிறது.

எங்கள் அறையில் அது செல்லவில்லை. நண்பர் ஒருவர் படத்தை அங்கேயே நிறுத்தினார். சிறுவயது முதல் இத்தொடரின் ரசிகர் அவர். யாரையும் இழிவாகப் பேசும் வழக்கமுடையவரும் அல்லர். அவருடைய வாதம் எளிமையானது: தன்பாலீர்ப்புள்ள ஒரு பாத்திரம் வேண்டுமென்றால் புதிதாக ஒருவரைப் படைத்துக்கொள்ளட்டும், ஐம்பது ஆண்டுகளாக நாம் அறிந்த சுலுவை எதற்காக மாற்ற வேண்டும்? விவாதம் இரவு இரண்டு மணி வரை நீண்டது. அன்று என்னால் சரியாகச் சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள வேண்டும்.

முதலில், எதிர்த் தரப்பின் மிக வலிமையான குரலைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. அது ஜார்ஜ் டகேயின் குரல். 1966இல் தொடங்கிய மூலத் தொடரில் சுலுவாக நடித்தவர் அவர். ஜப்பானிய வழிவந்த அமெரிக்கர். இரண்டாம் உலகப்போரின்போது ஐந்து வயதுச் சிறுவனாகக் குடும்பத்தோடு அர்க்கன்சா மாநிலத்து ரோவர் முகாமில் அடைக்கப்பட்டவர். 2005இல், தம் 68ஆம் வயதில், தாம் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்தார். 2008இல் தம் நெடுநாள் துணைவரை மணந்தார். சுலுவுக்கு ஒரு கணவர் உண்டு என்னும் செய்தியைப் புதிய படங்களில் சுலுவாக நடித்த ஜான் சோ வெளியிட்டபோது, டகே மகிழ்வார் என்றே உலகம் எதிர்பார்த்தது. அவரோ அது வருந்தத்தக்கது என்றார். தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரியின் கற்பனையைத் திரிப்பதாக அது ஆகும் என்றார். படக்குழுவிடம் முன்கூட்டியே தம் மறுப்பைச் சொல்லி, புதிய பாத்திரம் ஒன்றைப் படைக்குமாறு கேட்டுக்கொண்டதாகவும் கூறினார்.

அவரது மறுப்பில் ஒரு கூர்மையான காரணம் இருந்தது. இத்தனை காலமும் எதிர்பாலீர்ப்பாளராக அறியப்பட்ட சுலு திடீரென இப்படிக் காட்டப்பட்டால், அவர் அதுவரை தம்மை மறைத்துக்கொண்டு வாழ்ந்தார் என்று பொருள்படும். இருபத்து மூன்றாம் நூற்றாண்டிலும் ஒருவர் மறைந்து வாழவேண்டியிருக்குமானால் அந்த எதிர்காலம் எதற்கு? இந்தக் கேள்வியை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. வாழ்வின் பெரும்பகுதியை மறைந்து வாழ்ந்த ஒருவர், தாம் உயிர் கொடுத்த பாத்திரத்துக்கேனும் அந்த வாழ்வு வேண்டாம் என்கிறார். அதற்குத் தலைவணங்கத்தான் வேண்டும். ஆனால் அவர் சொல்லைக் கேடயமாக ஏந்திக்கொண்டு வந்த ரசிகர்களில் பலருக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் சொன்னது வேறு: “சுலு அப்படிப்பட்டவர் இல்லையே.”

இந்த வாக்கியத்தைத்தான் நான் ஆராய விரும்புகிறேன். சுலு எப்படிப்பட்டவர் என்பது நமக்கு எங்கிருந்து தெரியும்?

மூலத் தொடர் 1966 முதல் 1969 வரை மூன்று பருவங்கள் ஒளிபரப்பானது. அதில் சுலுவின் காதலுக்கோ மணவாழ்வுக்கோ கதையே ஒதுக்கப்படவில்லை. அன்றிரவு நண்பர்கள் முன்வைத்த சான்றுகளை வரிசைப்படுத்துகிறேன். ஒன்று, 1966இல் வந்த ‘தி நேக்கட் டைம்’: தொற்றொன்றால் அறிவு மயங்கிய சுலு, மேலாடையின்றி வாளேந்திக் கலத்துக்குள் ஓடி, பழங்கதை வீரனைப்போல உஹுராவைக் காக்க முற்படுகிறார். இரண்டு, 1967இல் வந்த ‘மிரர், மிரர்’: அதில் ஒரு சுலு உஹுராவிடம் அருவருக்கத்தக்க முறையில் நெருங்குகிறார். மூன்று, 1994 திரைப்படத்தில் சுலுவுக்கு டெமோரா என்றொரு மகள் இருப்பது தெரியவருகிறது.

முதற் சான்று நோயின் பிதற்றல். மூன்றாவது, ஒருவருக்கு மகள் இருக்கிறாள் என்பதைத் தவிர வேறெதையும் காட்டவில்லை. பியாண்ட் படத்திலும் மகள் இருக்கிறாள். இரண்டாவது சான்றுதான் சுவையானது. ‘மிரர், மிரர்’ கதையில் வருபவர் நம் சுலுவே அல்லர். இணைப் பிரபஞ்சம் ஒன்றில் வாழும் கொடிய இன்னொரு சுலு. பியாண்ட் படம் நடப்பதும், 2009 படத்தில் தொடங்கிய மாற்றுக் காலக்கோட்டில்தான். மாற்றுப் பிரபஞ்சத்துச் சுலு ஒரு பெண்ணை இச்சையோடு பார்த்தால் அது மூலச் சுலுவின் இயல்புக்குச் சான்றாம். மாற்றுக் காலக்கோட்டுச் சுலு ஓர் ஆணோடு வாழ்ந்தால் அது மூலத்துக்குச் செய்த துரோகமாம். ஒரே வகைச் சான்றை ஒரு பக்கம் ஏற்று மறுபக்கம் தள்ளுகிறோம் என்றால், முடிவு சான்றுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

அந்த முடிவு எங்கே எடுக்கப்படுகிறது? இங்கே என் துறையின் துணையை நாடுகிறேன்.

பள்ளியில் படித்த தொகைகளை நினைவுகூருங்கள். ‘பால் குடித்தான்’ என்கிறோம். ‘ஐ’ உருபு வெளிப்படவில்லை. ஆனாலும் ‘பாலைக் குடித்தான்’ என்று நமக்கு விளங்குகிறது. உருபு தொக்கி நிற்கிறது என்கிறது இலக்கணம். தொக்கு நிற்பதை நிரப்புவது கேட்பவர் வேலை. பெரும்பாலும் சிக்கல் எழுவதில்லை. சில இடங்களில் எழும். ‘தாய்ப்பாசம்’ என்றால் தாய்க்குப் பிள்ளைமீதுள்ள பாசமா, பிள்ளைக்குத் தாய்மீதுள்ள பாசமா? இரண்டும் இயலும். தொகைகள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளில் விரியக்கூடும் என்பதை நன்னூலும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அன்றாடப் பேச்சில் நாம் இரண்டையும் எண்ணிப் பார்ப்பதில்லை. பழக்கத்தில் முந்தி வருவதை எடுத்துக்கொள்கிறோம்; எடுத்துக்கொண்டோம் என்பதையும் அக்கணமே மறந்துவிடுகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிராக் மொழியியலாளர்கள், குறிப்பாகத் துருபெத்ஸ்கோயும் யாக்கப்சனும், இதனோடு உறவுடைய ஒரு கருத்தை வளர்த்தெடுத்தார்கள். எதிரெதிரான இரண்டில் ஒன்று குறி பெற்றது, மற்றது குறியற்றது. குறி பெற்றதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாவிட்டால் குறியற்றதே கொள்ளப்படும். ‘மருத்துவர்’ என்றால் போதும். பெண்ணானால் ‘பெண் மருத்துவர்’ என்று நாளிதழ் எழுதுகிறது. அங்கே ‘ஆண்’ என்பது சொல்லப்படாமலே நிரம்பிவிடுகிறது. சுலு விஷயத்தில் நிகழ்ந்ததும் இதுவே. யாரை விரும்புகிறார் என்று கதை சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை நாம் வழக்கப்படி நிரப்பிக்கொண்டோம். பிறகு, நாம் நிரப்பியதையே மூலம் என்று பெயரிட்டுக் காவல் காக்கிறோம்.

சுலு என்னும் பாத்திரமே ஒருவகையில் திறந்த இடமாகத்தான் பிறந்தது. ஆசியக் குடும்பப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு நாட்டைச் சுட்டிவிடும். ஆசியா முழுவதற்குமான ஒருவராக அவர் இருக்க வேண்டும் என்று விரும்பிய ராடன்பெரி, பிலிப்பைன்ஸை ஒட்டிய சுலுக் கடலின் பெயரை அவருக்கு வைத்தார் என்று டகேயே பலமுறை சொல்லியிருக்கிறார். பல கரைகளைத் தொடும் ஒரு கடலின் பெயர். ‘ஹிகாரு’ என்னும் இயற்பெயர் மூலத் தொடரில் கிடையாது. 1981இல் வோண்டா மெக்கின்டயர் தம் நாவலில் சூட்டியது. திரையில் அப்பெயர் ஒலித்தது 1991இல். இன்று அவரை ஹிகாரு சுலு என்று உரிமையோடு அழைக்கும் ரசிகர் எவரும், அது பின்னால் வந்து சேர்ந்தது என்பதற்காக முகஞ்சுளிப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த வாளின் கதை. ‘தி நேக்கட் டைம்’ எழுதப்பட்டபோது சுலுவின் கையில் சாமுராய் வாளைக் கொடுப்பதாக எண்ணமிருந்தது. ஆசிய முகம், ஆகவே சாமுராய் வாள்: யாரும் யோசிக்காமலே நிரப்பிக்கொண்ட இடம் அது. டகே மறுத்தார். சுலு வருங்காலத்து மனிதர். முன்னோர் எந்த நாட்டவர் என்பது அவர் கற்பனைக்கு எல்லையாக வேண்டியதில்லை. தாம் ராபின் ஹூட் படம் பார்த்து வளர்ந்தவர் என்று சொல்லி, மேலை நாட்டு மெல்லிய வாளைக் கேட்டு வாங்கினார். அதற்காக வாட்பயிற்சியும் பெற்றார். பழக்கம் நிரப்பிவைத்த ஒன்றை அழித்துவிட்டு வேறொன்றை எழுதிய முதல் மனிதர் டகேதான். 2016இல் படக்குழு செய்ததும் அதே செயல் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதை ஏற்க அவரால் இயலவில்லை என்பதில் ஒரு துயரம் உண்டு.

இனி, இந்த விஷயம் எனக்கு ஏன் வெறும் திரைப்பட விவாதமாக இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். உரியவனின் இசைவு பெற்றே எழுதுகிறேன்.

முதுகலை படிக்கும்போது தில்லியில் எனக்கு அறைத்தோழன் ஒருவன் இருந்தான். மதுரைப் பக்கத்துக்காரன். அவனுக்கு ஒரு காதல் இருந்தது. இரண்டாண்டுகள் அதைப் பற்றி என்னிடம் பேசியிருக்கிறான். “அவங்க இன்னைக்கு ஊருக்குப் போறாங்க.” “அவங்களுக்கு வேலை கெடச்சிருச்சு.” “அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்ல.” எப்போதும் ‘அவங்க’தான். மரியாதை தெரிந்த பையன் என்று எண்ணிக்கொண்டேன். “எப்படா கல்யாணம்?” என்று கேட்பேன். சிரிப்பான். அந்தப் பெண்ணைப் பற்றி என் மனத்தில் ஒரு முழுச் சித்திரமே உருவாகியிருந்தது. உயரம் இவ்வளவு இருப்பாள், கண்ணாடி அணிந்திருப்பாள் என்பது வரை. அவன் அவற்றில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை.

தமிழில் அது இயலும். ஐம்பாலில் பலர்பாலுக்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது. மரியாதைக்காக ஒருவரைப் பலர்பாலில் சொல்லும்போது வினைமுற்றும் பாலைக் காட்டிக்கொடுப்பதில்லை. பால் இன்னதெனத் தெளியாத ஐயம் எழுமிடத்தில் பன்மையால் கூறுக என்று தொல்காப்பியக் கிளவியாக்கமே விதி வகுத்திருக்கிறது. இந்தியில் இது எளிதன்று. மரியாதைப் பன்மையிலும் வினை ஆண்பாலா பெண்பாலா என்று காட்டிவிடும். ‘ஆத்தே ஹைங்’ என்றால் ஆண், ‘ஆத்தீ ஹைங்’ என்றால் பெண். பக்கத்து அறை இந்தி நண்பர்கள் அவன் காதலைப் பற்றிக் கேட்டால் அவன் ஆங்கிலத்துக்குத் தாவுவான்; அல்லது வினையே இல்லாத அரைகுறை வாக்கியமாகப் பேசி நழுவுவான். இந்தி அவனுக்கு நன்றாக வரும். நான் மொழியியல் மாணவன். அவன் ஏன் அந்த ஓரிடத்தில் மட்டும் இடறுகிறான் என்று ஒருமுறைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒருநாள் சொன்னான். ‘அவங்க’ ஓர் ஆண். என் வாயிலிருந்து வந்த முதற்சொல்லை இன்றும் நினைத்து வெட்குகிறேன்: “நீ அப்படி இல்லையேடா.” அவன் கோபப்படவில்லை. “நான் எப்ப அப்படி இல்லைன்னு சொன்னேன்?” என்று மட்டும் கேட்டான். உண்மைதான். அவன் ஒருபோதும் சொல்லவில்லை. இரண்டாண்டு உரையாடலில் அவனது வாக்கியங்கள் ஒவ்வொன்றும் மெய்யாகவே இருந்தன. பொய்யாயிருந்தது என் நிரப்பல்.

சென்ற வாரம் நண்பர் படத்தை நிறுத்தி “சுலு அப்படி இல்லையே” என்றபோது, என் குரலையே நான் மீண்டும் கேட்டேன். டகே அஞ்சிய பொருளும் இங்கேதான் எனக்கு வேறாகத் தோன்றுகிறது. நமக்குப் புதிதாகத் தெரியவருவதெல்லாம் மறைக்கப்பட்டிருந்ததாக வேண்டிய கட்டாயமில்லை. யார்க்டவுன் தளத்தில் சுலு எதையும் யாருக்கும் அறிவிக்கவில்லை. கேப்டன் கிர்க் வியப்படையவில்லை. சுலுவின் தோழர்கள் அனைவரும் அறிந்த ஒன்று பார்வையாளராகிய நமக்கு மட்டும் அன்றுதான் தெரியவந்தது. மறைந்து வாழ்ந்தவராக அவரைக் காட்டாமலிருக்கப் படம் எடுத்துக்கொண்ட கவனமாகவே அந்த அமைதியை நான் படிக்கிறேன்.

படைத்தவரின் எண்ணம் என்னும் வாதத்துக்கு வருவோம். ராடன்பெரி சுலுவை எதிர்பாலீர்ப்பாளராகவே எண்ணினார் என்பது டகேயின் வாக்கு. நான் அதை ஐயுறவில்லை. ஆனால் டகேயே சொல்லும் இன்னொரு செய்தி உண்டு. அறுபதுகளில் அவர் ராடன்பெரியிடம் தன்பாலீர்ப்பாளர் உரிமையைப் பற்றிய கதையொன்று வரலாமே என்று பேசிப் பார்த்தார். 1968இல் கிர்க்கும் உஹுராவும் முத்தமிடும் காட்சி, அதாவது வெள்ளையரும் கறுப்பினப் பெண்ணும், ஏற்கனவே தொடருக்கு நெருக்கடியைக் கொண்டுவந்திருந்தது. இன்னும் ஓரடி வைத்தால் தொடரே நின்றுவிடும் என்று அவர் தயங்கினாராம். கயிற்றின்மேல் நடப்பவர் ஒரு பக்கம் சாயாததை வைத்து, அந்தப் பக்கம் போக அவருக்கு விருப்பமே இல்லை என்று எப்படிச் சொல்வது? அன்றைய ஒளிபரப்புச் சூழல் தடுத்ததைப் படைப்பாளியின் உள்ளக் கிடக்கை என்று சாசனம் எழுதுவது பொருந்தாது.

தொடரின் வரலாறும் இதையே சொல்கிறது. 1987இல் புதிய தலைமுறைத் தொடருக்காக டேவிட் ஜெரால்ட் தன்பாலீர்ப்பு இணையர் இடம்பெறும் கதையொன்றை எழுதினார். அத்தொடரில் அது படமாக்கப்படவே இல்லை. 1992இல் பாலற்ற வேற்றுக்கோள் இனமொன்றை வைத்து உருவகமாகத் தொட்டார்கள். 1995இல் ஒட்டுயிர் தாங்கிய இரு பெண்கள் முத்தமிட்டார்கள். அதற்கும் முற்பிறவிக் கணவன் மனைவி என்று ஒரு காரணம் தேவைப்பட்டது. எல்லையற்ற பன்மையைக் கொள்கையாகப் பேசிய தொடரின் மையக் குழுவில், தன் பாலினத்தாரோடு சாதாரணமாகக் குடும்பம் நடத்தும் ஒரு மனிதர் இடம்பெற ஐம்பது ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையில் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1974இலேயே கிர்க்கும் ஸ்பாக்கும் காதலர்கள் என்னும் கற்பனையில் ஒரு ரசிகை எழுதிய கதை, ரசிகர் சிற்றிதழ் ஒன்றில் அச்சானது. இருவர் பெயருக்கும் இடையே இட்ட சாய்கோட்டிலிருந்துதான் ‘ஸ்லாஷ்’ என்னும் வகைப் பெயரே பிறந்தது. 1979இல் ராடன்பெரி தாம் எழுதிய நாவல் வடிவத்தில் நண்பன், உடன்பிறந்தான், காதலன் என்னும் மூன்று பொருளையும் தாங்கும் ஒரு வல்கன் சொல்லைப் புனைந்து, அந்த வதந்திகளைத் தொட்டு ஓர் அடிக்குறிப்பும் எழுதினார். ஆக, சொல்லப்படாத இடத்தை வேறுவிதமாக விரித்துப் படிப்பது 2016இல் வெளியிலிருந்து திணிக்கப்பட்ட வழக்கமன்று. அது இந்த ரசிகர் மரபுக்குள்ளேயே அரை நூற்றாண்டு வாழ்ந்தது.

அப்படியானால் புதிய பாத்திரம் படைத்தால் என்ன? படைக்கலாம், படைத்தும் காட்டினார்கள். 2017இல் தொடங்கிய ‘டிஸ்கவரி’ தொடரில் ஸ்டாமெட்ஸ், கல்பர் என்னும் இணையர் வந்தார்கள். இருவரும் பலருக்கு அன்புக்குரியவர்கள் ஆனார்கள். டகே சொன்ன வழி தவறானதன்று என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அந்த வழியால் மட்டும் ஆகாத காரியம் ஒன்றுண்டு. பியாண்ட் படத்தின் எழுத்தாளர்களுள் ஒருவரான சைமன் பெக், டகேக்கு மரியாதையோடு மறுமொழி சொன்னபோது அதைத்தான் குறிப்பிட்டார்: புதியவர் ஒருவர் வந்தால், பார்வையாளர் அவரை முதலில் அந்த ஓர் அடையாளமாக மட்டுமே காண்பர். ஏற்கனவே நாம் நேசிக்கும் ஒருவர் என்றால், நேசத்தை மறுபரிசீலனை செய்யவேண்டிய பொறுப்பு நம்மேல் விழுகிறது.

தமிழ் வாசகருக்கு இது புரியாத செய்தியன்று. ‘சாபவிமோசனம்’ எழுதிய புதுமைப்பித்தன், கணவனால் ஐயுறப்பட்ட ஏதோ ஒரு புதிய பெண்ணைப் படைத்திருக்கலாம். அவர் அகலிகையை எடுத்தார். சீதை தீக்குளித்த செய்தி கேட்டு அகலிகை மீண்டும் கல்லாகும்போது நமக்குள் எதுவோ உடைகிறது என்றால், அவள் நாம் முன்பே அறிந்த அகலிகை என்பதால்தான்.

எதையும் எப்படியும் மாற்றலாம் என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். கதை வெளிப்படையாகச் சொன்ன ஒன்றை மாற்றுவதற்கும், சொல்லாமல் விட்டதை விரிப்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதைச் செய்பவர் அதற்கு ஈடாக ஒரு கதையைத் தர வேண்டும். தராவிட்டால் ரசிகர் சினம் கொள்வதில் நியாயம் இருக்கிறது. பெண்களோடு காதல் கொண்டவராகப் பல கதைகளில் காட்டப்பட்ட கிர்க்கைத் தொட்டிருந்தால் விவாதம் வேறாகியிருக்கும். சுலு அப்படியல்லர்.

படக்குழுவிடமும் எனக்குக் குறை உண்டு. கணவனும் கணவனும் முத்தமிடும் காட்சி எடுக்கப்பட்டது என்றும், இறுதிப் படத்தில் அது இல்லை என்றும் ஜான் சோ கூறியிருக்கிறார். எஞ்சியது சில நொடி அணைப்பு. விரும்பாதவர் அதைச் சகோதரர் என்று கொண்டு கடந்துவிடலாம். சென்ற வாரம் எங்கள் அறையிலேயே ஒருவர் “தம்பியா?” என்று கேட்டார். மறைக்கவில்லை என்னும் அமைதிக்கும், யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம் என்னும் அமைதிக்கும் இடையே அந்தக் காட்சி ஊசலாடுகிறது. ஆயினும் சோவின் இன்னொரு பங்களிப்பை மறக்கக்கூடாது. கணவரும் ஆசிய வழியினராக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர் அவர். படத்தின் இணை எழுத்தாளர் டக் ஜங்கே அந்த வேடத்தில் நடித்தார். அமெரிக்கத் திரையில் ஆசிய ஆண்கள் இருவர் ஒரு குழந்தையின் பெற்றோராகக் கைகோத்து நடக்கும் காட்சி, சில நொடியே ஆனாலும், அரிது.

இறுதியாக, நாம் இருக்கும் இடத்தைப் பற்றி. அந்தப் படம் வெளியான 2016 ஜூலையில், 377ஆம் பிரிவை மீண்டும் நிலைநாட்டிய 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு இந்நாட்டில் நடைமுறையில் இருந்தது. சுலு போன்ற ஒருவரின் இல்வாழ்வு இங்கே தண்டனைக்குரிய குற்றம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம், ஒருபாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க மறுத்தது. இத்தகைய இணையர் கூட்டாகக் குழந்தையைத் தத்தெடுக்கும் உரிமையும் மூவருக்கு இருவர் என்னும் பெரும்பான்மையால் மறுக்கப்பட்டது. பணி முடிந்து வந்து மகளைத் தூக்கிக்கொள்ளும் அந்தக் காட்சி சிலருக்கு விண்வெளிப் போரைவிடப் பெரிய அறிவியல் புனைவு. என் அறைத்தோழனும் அவனுடைய ‘அவங்க’ளும் இப்போது பெங்களூரில் வாழ்கிறார்கள். வீட்டு உரிமையாளருக்கு அவர்கள் அலுவலக நண்பர்கள். அவர் நிரப்பிக்கொண்டார், இவர்கள் திருத்தவில்லை.

அன்றிரவு விவாதித்த நண்பர் இப்பதிவைப் படிப்பார். அவர் சுலுவை நேசிப்பவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மூலத் தொடரை மீண்டும் ஒருமுறை பாருங்கள். சுலு வரும் ஒவ்வொரு காட்சியிலும், அவரைப் பற்றித் தொடர் சொன்னது எது, நீங்கள் நிரப்பியது எது என்று தனித்தனியே குறித்து வாருங்கள். அதன் பிறகும் படம் அவரை மாற்றிவிட்டது என்று தோன்றினால் வாருங்கள், மீண்டும் இரவு இரண்டு மணி வரை பேசுவோம். தேநீர் என் செலவு.